எஸ்தர் அக்கா தவறாக எதையும் அழுத்தவில்லை

அந்தப் பச்சை டிக் பொய். அதை வைத்தவள் நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லப் போனால் நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாக ஒரு வளைவு எடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எஸ்தர் அக்கா தன் போனில் தவறாக எதையும் அழுத்தவில்லை. அவள் எழுதியது சரி, அழுத்தியது சரி. கோளாறு என் படிவத்தில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்து, "நீ ஏதாவது தப்பா அமுக்கியிருப்பக்கா" என்று சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு சாக்கு இருக்கிறது. அவசரம், பயம், அதிகாரி... இதற்கு மட்டும் எவ்வளவு தேடியும் ஒரு சாக்கு கிடைக்கவில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதுதான் வசதி. தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டியதைத் தெரியாதவர்களிடம் சொல்லுகிற கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். நான் மறுக்கப் போவதில்லை.

என் பெயர் தேவி. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. சில மாதங்கள் பயிற்சி கொடுப்பார்கள்; முடித்தவர்களைப் பக்கத்தில் தேர்வாய் கண்டிகை என்ற ஊரின் தொழிற்சாலைகளில் கம்பெனி ரோலில், நிரந்தர ஆளாக, எடுத்துக்கொள்வார்கள். பெரிய நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று அறை, ஒரு கூடம், ஒரு நிர்வாகி, ஒரு வாட்ச்மேன். கம்ப்யூட்டர் என்று பெயர் போட்ட எல்லா வேலையும் என் தலையில். தட்டச்சு நான், பிரிண்டர் நான், இணையதளமும் நான்.

சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அங்கே அண்ணன் வீடு இருக்கிறது. எனக்கு இடம் இல்லாமல் இல்லை. சோறு போடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வேளையும் தட்டை எடுக்கும்போது அண்ணி ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள்... கல்யாணம் நடக்காமல் போன நாத்தனாரை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது போல. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இங்கே தனியாக ஓர் அறை எடுத்தேன். காலனித் தெருவின் முனையில், மாடியில்.

வந்த புதிதில் என் குரலை நானே கேட்டதில்லை. வேலைக்குப் போவேன், வருவேன். வேண்டியதை ஆக்குவேன், கதவைச் சாத்திக்கொண்டு தின்பேன். பக்கத்து ஆலையின் சங்கு ஊதும்போது, யாரோ என்னைக் கூப்பிட்டது போலிருக்கும். இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

அந்த அறைக்கதவை முதலில் தட்டியவள் எஸ்தர் அக்கா. எதிர்வரிசையில் இரண்டாவது வீடு. கையில் மூடி போட்ட கிண்ணம்.

"இன்னாம்மா, வந்ததுலேர்ந்து கதவ சாத்திக்கினே கீற. உள்ள ஆளு கீதா இல்லியான்னே தெரியல. இந்தா, கருவாட்டுக் கொழம்பு. துன்னுவ இல்ல?"

துன்னுவேன் என்றேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் அவள் சமைத்ததில் எனக்கு ஒரு பங்கு. என் அறையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். அவள் வீட்டுக்காரர் தடா பக்கம் லாரி ஓட்டுகிறார், எப்போதாவது வருவார். ஒரே மகள், ஷீபா, அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே மனுஷி எஸ்தர் அக்கா. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் யாரோ ஒருத்திக்குச் செய்யவில்லை.

அக்கா ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் தரை துடைக்கிறாள். அவள் அப்பா அம்மா காலத்தில் இங்கே வயலில் நாற்று நட்டார்கள். வயல் போய் கம்பெனி வந்தது. அந்தக் கம்பெனியின் தரை இவள் பங்குக்கு வந்தது. கழுத்தில் மஞ்சள் பட்டி அடையாள அட்டை. ரோலில் இருப்பவர்களுக்கு நீலப் பட்டி. நீலப் பட்டிக்காரர்களுக்குக் கம்பெனி பஸ் தெருமுனை வரை வரும். மஞ்சள் பட்டிக்காரர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு பேரும் போவது ஒரே வாசலுக்குத்தான்.

"அந்த பஸ்ல ஜன்னலாண்ட ஒக்காந்து போவணும் தேவி," என்பாள். "ஒருநாளாச்சும். லைன்ல தொப்பி போட்டுக்கினு நிக்கிதுங்க பாரு, அதுங்க கால்கிட்டதான் நான் தொடச்சிக்கினு இருப்பேன். அதுங்க செய்றத நான் செய்ய மாட்டேனா? பத்தாவது பாஸ் பண்ணவதான நானும்."

எங்கள் பயிற்சிக்குப் பத்தாவது போதும். வயது மட்டும் முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எஸ்தர் அக்காவுக்கு அந்த முறைதான் கடைசி. அடுத்த சேர்க்கை வரும்போது அவள் வயது தாண்டிவிடும். இது எனக்குத் தெரியும். விளம்பரம் வருவதற்கு முன்பே அவளிடம் போய்ச் சொன்னவளே நான்தான்.

பதிவை இணையத்தில் வைக்க வேண்டும் என்று நிர்வாகி சார் சொன்னார். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே ஒரு படிவம் செய்தேன். பெயர், வயது, ஊர், படிப்பு, மொபைல் எண். கீழே 'சமர்ப்பிக்கவும்' என்று ஒரு பொத்தான். செய்து முடித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை! ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னேன். அவன், "சரி, சரி" என்றான்.

சார் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு நம்பருக்கு ஒரு பேருதான் வரணும் தேவிம்மா. ஒருத்தரே பத்து வாட்டி போட்டுட்டு ஒக்காந்துக்குவாங்க. நம்ம ஜனங்களப் பத்தி உனக்குத் தெரியாது."

தெரியாதா? எனக்கா?

நான் படித்த காலத்தில் எழுதிய எல்லா விண்ணப்பங்களிலும் இருந்தது அண்ணனின் எண். எங்கள் வீட்டில் ஒரு போன். எங்கள் தெருவிலேயே சில போன்கள்தான். யாருக்குச் சேதி வந்தாலும் போன்காரர் வீட்டிலிருந்து ஆள் ஓடி வரும். அப்படி வளர்ந்தவள், சார் சொன்னதும் தலையாட்டிவிட்டு, ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் உள்ளே விடாதே என்று எழுதி வைத்தேன். அப்படித் திருப்பி அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு, வளர்ந்த விதம் மறந்துபோகிறது போலும்.

இணையப் பதிவைத் தொடங்கி வைக்கும் விழாவுக்கு முந்தின நாள் மதியம் வாட்ச்மேன் ஓடி வந்தார். தன் இரண்டு மகள்களுக்கும் பதிவு செய்திருக்கிறார். மூத்தவளுக்குப் போட்டதும் சரியாகப் போனது. இளையவளுக்குப் போட்டதும் பக்கம் உடைந்துவிட்டது.

"யம்மா, இன்னாமோ செவப்பா வருதும்மா. இங்கிலீஷ்ல திட்டுது."

நான் வாங்கிப் பார்ப்பதற்குள் பதறிப்போய் மூடிவிட்டார். அந்தச் சிவப்பு வரிகளைப் படித்திருந்தால் காரணம் அதிலேயே இருந்திருக்கும். சரி என்று நான் என் கம்ப்யூட்டரில் முயன்றேன். வாய்க்கு வந்த பெயர், கைக்கு வந்த எண். போனது. இன்னொரு பெயர், இன்னொரு எண். அதுவும் போனது. மறுபடியும், மறுபடியும்... ஒவ்வொரு முறையும் புதுப்புது எண்களைக் கற்பனை செய்து போட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போயின. எண்களுக்கா பஞ்சம், கற்பனையில்!

வாட்ச்மேனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா போட்டீங்க?" அவ்வளவுதான். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கேட்கத் தோன்றவில்லை. அவர் போன் பழசு, அதுதான் கோளாறு என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் இதற்குள் சாரின் காதுக்குச் செய்தி போய்விட்டது.

"இன்னாம்மா பேஜாரு இது? நாளைக்கு ஓனருங்க எல்லாம் வர்றாங்க. பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டப்போறோம். அங்க வந்து செவப்பு எழுத்து நின்னா என் மானம் இன்னா ஆவறது? நீ இன்னா பண்ணுவியோ, செவப்பு வரக் கூடாது."

'கோளாறு இருக்கக் கூடாது' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை உட்கார்ந்து தேடியிருப்பேனோ என்னவோ. அவர் சொன்னது 'சிவப்பு வரக் கூடாது'. பார்த்தீர்களா, பழியில் பாதியை அவர் பக்கம் தள்ளப் பார்க்கிறேன். முதலிலேயே சொன்னேன் அல்லவா?

நான் செய்தது இதுதான். உள்ளே பெயர் பதிவானாலும் ஆகாவிட்டாலும், எது எப்படி உடைந்தாலும், திரையில் ஒரு பச்சை டிக் வர வேண்டும். அதன் கீழே 'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது. நன்றி' என்று வர வேண்டும். சில வரிகள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. உடைந்த குழாய்க்கு மேல் பூப்போட்ட துணியைப் போர்த்துவது போல. விழா முடிந்ததும் எடுத்துவிட்டு, நிதானமாகக் கோளாறைத் தேடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

விழா நன்றாக நடந்தது. பெரிய திரையில் பச்சை டிக் வந்ததும் முதல் வரிசையில் கைதட்டினார்கள். ஒரு முதலாளியின் மனைவி என்னைக் கூப்பிட்டு, "நீங்களே செஞ்சதா?" என்று கேட்டார். சார் என் பெயரை மைக்கில் சொன்னார். மைக்கில் என் பெயர் வந்தது அதுவே முதல் தடவை.

அன்று மாலை அந்த வரிகளை எடுத்தேனா? எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். நீங்கள் நம்பவும் கூடும். ஆனால் மறக்கவில்லை. மறுநாள் நினைவு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. எடுத்தால் சிவப்பு வரும், சிவப்பு வந்தால் சார் கூப்பிடுவார், மைக்கில் சொன்ன பெயரை அறைக்குள் வேறு மாதிரி சொல்லுவார்... அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று பதிவுக்கான கடைசி நாளும் போனது.

பதிவு வெள்ளிக்கிழமை முடிந்தது. எதிர்பார்த்ததைவிடப் பெயர்கள் மிகக் குறைவு. சார் உதட்டைப் பிதுக்கினார். "எவ்ளோ விளம்பரம் பண்ணோம். இந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு வேலைல அக்கறையே இல்லம்மா." நான், "ஆமா சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அக்கா கறிக்குழம்போடு வந்தாள். சர்ச்சுக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம தெருவுல எல்லாருக்கும் போட்டுட்டேன் தேவி. கலைவாணிக்கு, அமுலுக்கு, கோடி ஊட்டு சகாயத்துக்கு, அவ நாத்தனாருக்கு... ஒருத்தி பாக்கி இல்ல."

"யார் போன்லக்கா?"

"என் போன்லதான். அதுங்ககிட்ட நெட்டு எங்க கீது? பட்டன் போன வச்சிக்கினு கீதுங்க. இருக்கறதையும் ஆம்பளைங்க எடுத்துக்கினு போயிடறாங்க."

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நம்பரு யாருதுக்கா போட்ட?"

"எல்லாத்துக்கும் என் நம்பருதான். மெசேஜ் வந்தா நான் ஓடிப் போயி சொல்லிட மாட்டேனா?"

"உனக்கு எப்பப் போட்ட?"

"கடைசியா. எல்லாரும் துன்னப்புறந்தான ஊட்டுக்காரி துன்னணும்." சிரித்தாள். "எல்லாருக்கும் அந்தப் பச்ச டிக்கு அழகா வந்துச்சு தேவி. அமுலு அதப் பாத்து கையெடுத்துக் கும்புட்டா."

வாட்ச்மேனின் இரண்டு மகள்கள். ஒரு போன். இரண்டாவது பெயருக்குத்தான் சிவப்பு வந்தது. எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. அக்கா தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து என் தட்டில் போட்டாள். நான் அதைத் தின்றேன். தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, அவள் எண்ணைத் தேடினேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. கலைவாணி. முதலில் போட்ட பெயர். மற்ற யாரும் இல்லை. எஸ்தர் அக்கா இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயர் எங்குமே இல்லை. சிவப்பை மறைத்தபோது அவர்கள் வந்துபோன தடத்தையும் சேர்த்து மறைத்திருந்தேன். இந்தத் தெருவுக்கு இந்தக் கதி என்றால், இப்படி ஒரே போனை வைத்துக்கொண்டு எத்தனை தெருக்கள்? எத்தனை ஊர்களில் எத்தனை பேர் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார்கள்? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

கேளுங்கள், அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. இதுதான் முக்கியம். பெயர்கள் தொழிற்சாலைகளுக்குப் போவது திங்கட்கிழமை மாலை. திங்கட்கிழமை காலை சாரிடம் போய், "தப்பு நடந்துடுச்சு சார், இன்னும் ரெண்டு நாள் பதிவைத் திறந்து வைங்க" என்று சொன்னால் போதும். திட்டுவார். ஒருவேளை வேலையை விட்டு அனுப்புவார். ஆனால் திறந்திருப்பார், அவருக்கும் பெயர்கள் குறைவு என்ற கவலை இருந்தது.

போனேன். கதவருகே நின்றேன்.

"சொல்லும்மா," என்றார்.

"சார், ஒரு விஷயம்..."

"சொல்லு."

வேலை போனால் அறை போகும். அறை போனால் பொதட்டூர்பேட்டை. அண்ணி. தட்டு. அந்தப் பார்வை. இவ்வளவும் அந்த ஒரு நொடிக்குள் வந்து நின்றன.

"பிரிண்டர்ல இங்க் தீந்துடுச்சு சார்."

"வாங்கிக்கோ," என்றார்.

ஒரு மனுஷியின் பிழைப்பு பிரிண்டர் மையில் முடிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, முதல் வேலையாகப் படிவத்தைச் சரி செய்தேன். ஒரே எண்ணில் எத்தனை பேர் வேண்டுமானாலும் போடலாம் என்று மாற்றினேன். பொய் டிக்கை எடுத்தேன். உண்மையாகப் பதிவானால் மட்டும் டிக் வரும்படி செய்தேன். மிக நேர்த்தியாக வேலை செய்தது, யாருக்கும் பயன்படாத அந்தத் திங்கட்கிழமையில்.

அதன் பிறகு அக்கா காத்திருந்தாள். காத்திருந்தது எப்படி என்று சொல்கிறேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். டீ நேரத்தில் வாசல் வரை வந்து, "அண்ணே, எதுனா மெசேஜ் வந்துச்சா பாருங்கண்ணே" என்று கேட்டுவிட்டுப் போவாளாம். அவளே சொன்னாள். ஒவ்வொரு மாலையும் தெருப் பெண்கள் அவள் வாசலில் நின்றார்கள். எல்லாருடைய சேதியும் அவள் போனுக்குத்தானே வர வேண்டும்.

ஒரு சேதி வந்தது. கலைவாணிக்கு. அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். தனக்கே வந்தது போல ஓடினாள். கலைவாணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வேறு எதுவும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. உட்காரச் சொன்னேன், நின்றாள்.

"தேவி, பயிற்சி ஆரம்பிச்சிட்டாங்களாமே. கலைவாணி போறா."

"ஆமாக்கா."

"எங்களுக்கெல்லாம் வரலியே. பச்ச டிக்கு வந்துச்சே தேவி. என் கண்ணாலதான பாத்தேன். அப்ப இன்னா ஆயிருக்கும்?"

குற்றம் சாட்டும் கேள்வி இல்லை அது. டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டாள். தெரிந்தவளிடம், நம்பி. அவள் கண்ணைப் பார்த்தேன். உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"நீ ஏதாவது தப்பா அமுக்கியிருப்பக்கா."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருக்கலாம். போட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ?

"இருக்கும்," என்றாள். "எனக்குக் கிட்டத்துல எழுத்து சரியா தெரிய மாட்டேங்குது. கண்ணாடி வாங்கணும் வாங்கணும்னு தள்ளிக்கினே வந்தேன்." பிறகு, ஏதோ திடீரென்று உறைத்தது போல நிமிர்ந்தாள். "அப்ப... மத்தவங்களுக்கும் நான்தான தேவி அமுக்குனேன்? அவங்களதையும் நான்தான் கெடுத்துட்டேனா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே ஆமாம் என்றாகிவிட்டது.

நான் எதிர்பாராதது அதுதான். ஒருத்திக்குச் சொன்ன பொய் ஒருத்தியோடு நிற்கும் என்று நினைத்தேன். எஸ்தர் அக்கா அன்றைக்கே வீடு வீடாகப் போனாள். அமுலு வீட்டிலிருந்து கோடியில் சகாயம் வீடு வரைக்கும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான்தான் தப்பா அமுக்கிட்டேன், மன்னிச்சிக்கோங்க" என்று சொன்னாள். நான் மாடிச் சுவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமுலு, "வுடுக்கா, நீ இன்னா வேணும்னா செஞ்ச" என்றாள். சகாயம் அப்படிச் சொல்லவில்லை. "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். உன்ன நம்பிக் குடுத்தோம் பாரு, எங்களச் சொல்லணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சகாயமும் அக்காவும் சின்ன வயசிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆராதனையிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்களாம். இப்போது சகாயம் இடம் மாற்றி உட்காருகிறாள்.

கலைவாணி விஷயத்தில் யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் எப்படிச் சரியாக அழுத்தினாள்? அந்தப் பெண்ணிடம் ஏதாவது டப்பு வாங்கியிருப்பாளோ? அதுவும் அக்காவின் காதுக்கு வந்தது. என்னிடம் வந்து சொல்லி அழுதாள். என்னிடம்! நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "விடுக்கா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றேன். என் கை அவள் முதுகில் இருந்தது. அந்தக் கையை வெட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. தோன்றியது என்று எழுதினால் அழகாக இருக்கும். தோன்றவில்லை. அவள் என்னிடம் வந்து அழுகிறாளே, வேறு யாரிடமும் போகவில்லையே என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இதற்கு என்ன பெயர்? நீங்கள் சொல்லுங்கள்.

அவளுக்கு வயது தாண்டிவிட்டது. அடுத்த சேர்க்கைக்கு விளம்பரம் வந்தபோது, நான் சரிசெய்து வைத்திருந்த படிவம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தெருவில் சில பெண்கள் போட்டார்கள். அமுலுவுக்குக் கிடைத்தது. காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும்போது கலைவாணியும் அமுலுவும் ஏறுவார்கள். கொஞ்ச தூரத்தில் எஸ்தர் அக்கா ஷேர் ஆட்டோவுக்கு நிற்பாள். பஸ் கிளம்பும்போது அமுலு ஜன்னலிலிருந்து கையாட்டுவாள். அக்காவும் கையாட்டுவாள். நான் அதே நேரத்துக்கு அந்த வழியாக வேலைக்குப் போக வேண்டியவள். இப்போது சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போகிறேன்.

சொல்லிவிடலாம் என்று கிளம்பாமல் இல்லை. படி இறங்கி, அவள் வாசல் வரை போயிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்ததும், "வா தேவி, நாஷ்டா ஆச்சா?" என்பாள். உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டு வருவேன். சொன்னால் அந்த வாசலும் எனக்கு இல்லை. மறுபடியும் சாத்திய கதவு, ஆலைச் சங்கு. அந்தத் தனிமைக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாததால் அது போய்விட்டதா என்ன? அவள் எதிரே உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நான் மிகவும் தனியாக இருக்கிறேன். அறைக்குள் ஒருத்தியாக இருக்கும்போதுகூட இவ்வளவு இல்லை.

இந்த வருஷம் ஷீபா பள்ளி முடித்தாள். கல்லூரிக்கு விண்ணப்பம் இணையத்தில்தான் போட வேண்டும். அக்கா போனையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஷீபா, "நானே போட்டுக்குவேம்மா" என்று முனகிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"நீ சும்மா இரு. தேவிக்கா போடட்டும். அவங்க அமுக்குனா தப்பு வராது."

நான் ஒவ்வொன்றாக நிரப்பினேன். மொபைல் எண் என்ற கட்டம் வந்தது. எனக்கு மனப்பாடமான எண் அது. அடிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் நம்பரு வேணாம் தேவி."

"ஏன்க்கா?"

"அது ராசியில்லாத நம்பரு. எல்லாரு வாழ்க்கையும் கெடுத்துச்சு. புள்ளைக்கு வேணாம். உன் நம்பரயே போடு."

ஷீபா எரிச்சலோடு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் என் எண்ணை அடித்தேன். சமர்ப்பித்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு பச்சை டிக் வந்தது.

"பாத்தியா?" என்றாள் அக்கா, மூச்சை விட்டு. "அன்னிக்கும் உன்கிட்டயே குடுத்திருக்கணும். என் புத்தி."

ஷீபாவுக்கு இடம் கிடைத்த செய்தி என் போனுக்குத்தான் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். எஸ்தர் அக்கா என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரரும் அன்று தடாவிலிருந்து வந்திருந்தார். "இவங்கதான் நான் சொல்லுவேனே, தேவி" என்று என்னைக் காட்டினாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அக்கா புத்தகமெல்லாம் படிக்கிறவள் இல்லை. பைபிள் மட்டும், அதுவும் இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு. அதனால்தான் இதை இங்கே எழுதத் துணிந்தேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளை விட்டுவிட்டு மற்ற எல்லாரிடமும் சொல்லுகிறேன். இதற்கு ஒப்புக்கொள்ளுதல் என்று பெயர் வைக்கலாமா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டுகிறது. அந்தத் தட்டல் எனக்குத் தெரியும்.

"தேவி, சிலிண்டர் தீந்துடுச்சு. இந்த கேஸ் புக்கிங்க கொஞ்சம் அமுக்கிக் குடேன்."

ஒரே ஒரு பொத்தான். திரையில் பெரிதாக, பளிச்சென்று இருக்கிறது. அதைக்கூட அவள் இப்போது தொடுவதில்லை. போனை இரண்டு கையாலும் ஏந்தி என் முன்னால் நீட்டுகிறாள்.

நான் வாங்கி அழுத்துகிறேன்.